உச்சியில் வேறு மணி

நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் சுவர்க் கடிகாரம் உண்மை பேசுவது அபூர்வம். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று ஐந்து நிமிடம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தக் கூடாது என்று பத்து நிமிடம், பெண் பார்க்க வருகிற நாளில் கால் மணி நேரம் என்று முள்ளை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். தள்ளி வைத்திருப்பது வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகத் தலை சீவிக்கொண்டிருப்பார்கள். ஆகக் கடிகாரமும் பொய், பரபரப்பும் பொய்.

இந்தப் பழக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைக் காத்தாடிகளின் உச்சிவரை ஏறிவிட்டது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு காத்தாடியின் உச்சியிலும் இறக்கைகளுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அந்த அறையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. காற்று எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, பிரேக் எப்போது விழுந்தது, எப்போது விடுபட்டது என்று எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பும். அந்தப் பெட்டியின் கடிகாரத்தைச் சரிபார்க்க ஏறுகிற நம்மூர்ப் பையன்கள், வீட்டு ஞாபகத்திலே அதையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு இறங்குவார்கள். கேட்டால், “முந்தி இருந்தா நல்லதுதான சார்” என்பார்கள்.

சுகிர்தாவுக்கு வேலையே இந்தப் பெட்டிகளோடுதான். வடசேரியில் ஒரு மாடியில் இருந்த அவளுடைய அலுவலகம், பெட்டிகள் சொல்லும் நேரத்தை, குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் தூரத்துக் கணினியான கிளவுடுக்குப் புரிகிற நேரமாக மாற்றிக் கொடுத்தது. புதுப் பெட்டிகள் நேரத்தை ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து எண்ணிய வெறும் விநாடிக் குவியலாகச் சொல்லும். பழைய பெட்டிகள் தேதி, மாதம், வருடம் என்று நம் வழக்கப்படி எழுதும், எந்த ஊர் மணி என்று சொல்லாது. கிளவுடுக்கோ வருடம் முதலில் வர வேண்டும், மணி கிரீன்விச் மணியாக இருக்க வேண்டும். இடையில் ஆள் இல்லாவிட்டால் ஜூன் ஐந்தாம் தேதி அடித்த காற்று மே ஆறாம் தேதிக்குப் போய்விடும். நிச்சயம் பேச வந்த இரண்டு வீட்டாருக்கு நடுவே உட்கார்ந்த தரகர் போல, அவள் இந்தப் பக்கச் சொல்லை அந்தப் பக்கத்துக்கு நோகாமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு விதி உண்டு. அவளுடைய மேலாளர் பீர் முகமது வைத்த விதி. ஒரு பெட்டியின் கடிகாரம் அரைமணிக்குள் தவறாக இருந்தால் யாரையும் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டாம், பையன்கள் கைவேலை அது, பேசாமல் திருத்திவிடு. சத்தமில்லாத் திருத்தம் என்று அதற்குப் பெயர். வருடக்கணக்காக அது சத்தமில்லாமலே நடந்துகொண்டிருந்தது.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய ஒரு திங்கள்கிழமை, காற்றாலை நிறுவனத்தின் விசாரணைக் குழுவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. போன மாதம் கணவாயில் ஒரு சாவு. அந்த நாளின் நேரங்களை மாற்றியதில் பிழை எதுவும் இல்லை என்று சுகிர்தா வெள்ளிக்கிழமைக்குள் சான்று எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். ஜெபமணி என்கிற தொழிலாளி உச்சி அறையில் வேலை முடித்துவிட்டு, ‘முடிந்தது, இறங்குகிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறான். கீழே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதன் பிறகு மூன்று நிமிடம் காத்திருந்து, பிறகே பிரேக்கை விடுவிக்க வேண்டும். அதற்குள் மேலே இருப்பவன் சுழலும் தண்டைத் தாண்டி ஏணிக்கு வந்துவிடலாம். கீழே இருந்தவர் தாணுலிங்கம். ஜெபமணிக்குப் பால்ய சிநேகிதன். பெட்டியின் குறிப்பில், பொத்தான் அழுத்தியதற்கும் பிரேக் விடுபட்டதற்கும் இடையே ஐம்பது விநாடிதான் இருந்தது. தண்டு ஜெபமணியைப் பிடித்துக்கொண்டது.

“கிளவுடு சர்வர் குறிப்புல மூணு நிமிஷம்னு இருக்கே சார்?” என்று சுகிர்தா பீரிடம் கேட்டாள்.

“சர்வர்ல இருக்கது செய்தி வந்து சேர்ந்த நேரம். வழியில லேட்டாகும், முந்தும். அதனால பாதுகாப்பு விஷயத்துல பெட்டி சொல்லுகதுதான் சாட்சி. ஒப்பந்தத்துலயே அப்படித்தான் இருக்கு.”

“பெட்டி மணி தப்பா இருந்தா?”

“இருக்கட்டுமே. பத்து நிமிஷம் முந்தி இருந்தா ரெண்டு குறிப்பும் சேர்ந்துதான முந்தும்? ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி மாறாதுல்லா. நீ மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத பிள்ளே. கையெழுத்தப் போட்டுட்டு வேற வேலயப் பாரு.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் அந்த ஆளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. மறுநாள் ஆரல்வாய்மொழிக்கு பஸ் ஏறினாள்.

தாணுலிங்கம் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு ஆள், அறுபது வயசு முகம். நான்கு வாரத்துத் தாடி. அவளுக்கு இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வெள்ளிக்கிழமை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துரப் போறேன் மேடம். வக்கீலு வேண்டாம்னாரு. நான்தான் சொன்னேன், போதும்னு.”

“நீங்க காத்திருக்கல்லையா அண்ணாச்சி?”

“காத்திருந்தேன். நாங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். மேல பொத்தான அமுக்குனா கீழ பச்ச லைட்டு வரும், வந்ததும் எந்திச்சிரணும். கைய பின்னால கெட்டிக்கிட்டுச் செவத்தப் பாத்து நிக்கணும். சும்மா உக்காந்திருந்தா கை தன்னால சுவிச்சுக்குப் போயிரும்லா. மூணு நிமிஷத்துக்கு மணி அடிக்கும், அப்புறந்தான் திரும்புவோம். அன்னைக்கும் அப்படித்தான் நின்னேன்னு எனக்கு ஞாபகம்.”

“பின்ன ஏன் ஒத்துக்கிடப் போறீங்க?”

“மிஷினு ஐம்பது செகண்டுன்னு சொல்லுகு. மிஷினுக்கு எம்மேல என்ன விரோதம்? அப்ப நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன். செஞ்சுட்டு, செய்யலன்னு மனசு சொல்லுகு போல. இப்பெல்லாம் கண்ண மூடுனா நான் சீக்கிரமே திரும்பி சுவிச்சப் போடுக மாதிரி தெரியுகு மேடம். நிசமாவே தெரியுகு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுகிர்தாவுக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஒரு மனிதன் தன் நினைவை எடுத்து இயந்திரத்தின் காலடியில் வைத்துவிட்டான். அந்த இயந்திரத்தின் நேரத்தை ஊருக்குச் சொல்பவள் அவள். அவளுக்குப் பயமாக இருந்தது.

அலுவலகத்தில் முதலில் நேரத்தை மாற்றும் தன் கணினி நிரலையே சந்தேகப்பட்டுப் பார்த்தாள். அதில் பிழை இருந்தால் ஐந்தரை மணி நேரம் தவறும், அல்லது மாதமும் தேதியும் இடம் மாறும். மூன்று நிமிடம் ஐம்பது விநாடியாகச் சுருங்குவதற்கு அங்கே வழியே இல்லை. பிறகுதான் அந்தப் பெட்டிக்குச் செய்யப்பட்ட சத்தமில்லாத் திருத்தங்களை எடுத்துப் பார்த்தாள். விபத்தன்று பிற்பகலில் ஒரு திருத்தம் இருந்தது. இருபது நிமிடத்துக்கு மேலே.

வழக்கமான கைவேலைதான் என்று தாண்டிப் போகப் பார்த்தவளின் விரல் நின்றது. முன்னால் ஓடும் பெட்டிகளைப் பின்னுக்கு இழுப்பதுதான் அந்தத் திருத்தத்தின் பிழைப்பே. இங்கே பெட்டி பின்தங்கியிருந்தது. அதை முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள்.

“சார், உங்க வீட்டுல கடிகாரத்தப் பின்னால தள்ளி வைப்பீங்களா?”

பீர் கண்ணாடியைக் கழற்றினார். “எந்தக் கிறுக்கன் வைப்பான்? டிரெயின விடுகதுக்கா?”

“இங்க ஒண்ணு இருபது நிமிஷம் பின்னால இருக்கு. காலையில சரியாத்தான் இருந்திருக்கு.”

அவர் எழுந்து வந்து அவள் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “பேட்டரி” என்றார். பேட்டரி போனால் கடிகாரம் நின்று பழைய வருடத்துக்கு ஓடிவிடும், இருபது நிமிடத்தில் நிற்காது என்று அவருக்கே தெரியும்.

“பின்தங்குன பெட்டிகள மட்டும் எடுத்துப் பாக்கட்டுமா? எல்லாக் காத்தாடியிலயும்?”

“எடு.”

நூற்றுக்கணக்கான காத்தாடிகள், ஏழெட்டு வருடத்துக் குறிப்புகள். முன்னால் ஓடியவை ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைத் தள்ளியதும் மிச்சம் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை வரைபடத்தில் போட்டு, நேர வரிசைப்படி ஒவ்வொன்றாக எரிய விட்டாள்.

மேற்கே, மலை இறங்கும் இடத்தில் ஒரு புள்ளி எரிந்தது. பிறகு அதற்குக் கிழக்கே ஒன்று. பிறகு அதற்கும் கிழக்கே. கணவாய்க்குள் நுழைந்து, காத்தாடி காத்தாடியாகத் தொட்டுக்கொண்டு, பணகுடிப் பக்கம் வெளியேறிக் கடலைப் பார்த்துப் போய்விட்டது. சில நாள் கழித்து மறுபடியும் மேற்கே ஒரு புள்ளி. மறுபடியும் அதே வழி. ஆடி முடிந்தால் நின்றுவிடும். அடுத்த ஆனியில் திரும்ப வரும். நெல் வயலின் மேல் காற்று நடந்து போவது போல, காலத்தின் மேல் ஏதோ ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. அது போன வழியில் எல்லாம் நேரம் மெலிந்து, பிறகு மறுபடி நிமிர்ந்திருந்தது.

சுகிர்தாவுக்கு உடம்பு புல்லரித்தது. அவளுக்கு அழுகையும் வந்தது.

“யா அல்லாஹ்” என்றார் பீர் மெதுவாக. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “இது என்ன பிள்ளே?”

“அங்க நேரமே மெதுவாப் போயிருக்கு சார். கீழ மூணு நிமிஷம் ஆகும்போது மேல ஐம்பது விநாடிதான் ஆயிருக்கு. பெட்டியும் பொய் சொல்லல்ல. அவரும் பொய் சொல்லல்ல.”

“ஈர்ப்புவிசை கூடுனா நேரம் மெதுவாகும்னு சொல்லுவாங்க. அப்படின்னா காத்தாடி நசுங்கி அப்பளமாயிருக்கணுமே.”

“என்னன்னு எனக்குத் தெரியாது. உயரத்துலதான் வருகு. தரையில ஒண்ணும் இல்ல.”

“மேல ஏறுனவங்க போன் காட்டிக் குடுத்திருக்குமே?”

“போனு தன்னால டவரப் பாத்துத் திருத்திக்கிடும். எல்லாமே திருத்திக்கிடும் சார். உலகத்துல தன் மணிய தானே வச்சிருக்க சாமானம் எங்க இருக்கு? இந்தப் பெட்டிகதான் கொஞ்சம் தனியா இருந்துச்சு. அதையும் நாம துடைச்சுத் துடைச்சு விட்டிருக்கோம்.”

அந்த விதியை வைத்தவர் பீர்தான். எங்கோ ஒரு பெரிய அதிசயம் வருடந்தோறும் கணவாய் வழியாக நடந்து போக, அதன் காலடித் தடத்தைப் பையன்களின் குறும்பு என்று நினைத்துப் பெருக்கித் தள்ளியிருக்கிறார். பிறகு வேறொன்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது.

“இத வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? ஊர்ல உள்ள கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கரண்டு பில்லு, எல்லாம் ஒரே மணிய நம்பித்தான் ஓடுகு. அப்படி ஒரே மணின்னு ஒண்ணு கிடையாதுன்னு நாம போய்ச் சொல்லணும்.”

“சொல்லாட்டி அந்த மனுசன் வெள்ளிக்கிழமை கொலகாரன்னு ஒத்துக்கிடுவாரு சார்.”

“நம்புவாங்களா?”

“கண்ணால காட்டுனா?” புள்ளிகளின் இடைவெளியை வைத்து அவள் கணக்குப் போட்டிருந்தாள். “நாளைக்கு மதியத்துக்கு மேல ஜெபமணி இருந்த காத்தாடிக்கு மறுபடியும் வருகு.”

மறுநாள் கணவாயில் ஆளைத் தூக்கும் காற்று. பேச்சுக் காதில் விழ வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து கத்த வேண்டும். காத்தாடி பிரேக் போட்டு நின்றது. விசாரணைக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமல் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பீர் அவருக்குப் பக்கத்தில் நின்றார். தாணுலிங்கம் வந்திருந்தார். வந்ததே பெரிய விஷயம். கொஞ்சம் தள்ளி, தலையில் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஜெபமணியின் மனைவி ஸ்டெல்லா புஷ்பம். சுகிர்தாதான் வரச் சொல்லியிருந்தாள். தாணுலிங்கம் இருந்த பக்கம் ஸ்டெல்லா திரும்பவே இல்லை.

காத்தாடியின் உடம்பில், அடியில் ஒன்றும் நடுவில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக மூன்று சிவப்புத் துணிகளைச் சுகிர்தா காலையிலேயே கட்டச் சொல்லியிருந்தாள். மூன்றும் படபடவென்று ஒரே வெறியில் அடித்துக்கொண்டிருந்தன.

“எவ்வளவு நேரம்மா?” என்று அதிகாரி ஜீப்பிலிருந்து கத்தினார். “எனக்கு மீட்டிங் இருக்கு.”

அவள் உச்சித் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன நேரம் வந்தது, போனது. ஊர் சிரிக்கப் போகிறது என்று நினைத்தாள்.

அப்போது உச்சித் துணி அடங்கியது.

காற்று நின்றால் துணி தொங்கிவிடும். இது தொங்கவில்லை. விரிந்தபடியே, தண்ணீருக்குள் அசைகிற பாசியைப் போல் நிதானமாக நெளிந்தது. ஒரு மடிப்பு துணியின் இந்த ஓரத்தில் பிறந்து அந்த ஓரம்வரை போய்ச் சேருவதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது. கீழே இரண்டு துணிகளும் அதே காற்றில் பைத்தியம் பிடித்தவை போல் அடித்துக்கொண்டிருந்தன. உச்சியைத் தாண்டப் பார்த்த ஒரு பருந்து அங்கே போனதும் இறக்கையைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே இருந்தது. எல்லோரும் மூச்சு விட மறந்து பார்த்திருக்க, அது மெல்ல, மெல்ல இறக்கையை இறக்கி, அந்தப் பக்கம் வெளியே வந்ததும் சட்டென்று எப்போதும் போலப் பறந்து போனது. அதற்கு ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அதிகாரி எப்போது ஜீப்பை விட்டு இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பீர் கண்களைத் துடைத்துக்கொண்டார். சுகிர்தாவுக்கு ஒரே சமயத்தில் தான் மிகச் சிறியவள் என்றும், இவ்வளவு பெரிய ஒன்றைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தவள் என்றும் தோன்றியது. சான்றிதழில் என்ன எழுதுவது என்று அப்போதே முடிவாகிவிட்டது. இரண்டு நேரமும் சரி. இனி மேலே ஆள் இருந்தால், காத்திருக்கும் நேரத்தை மேலே உள்ள மணியைக் கொண்டே எண்ண வேண்டும்.

“அண்ணாச்சி” என்றாள் தாணுலிங்கத்தின் காதருகே. “அன்னைக்கும் இதுதான். நீங்க முழுசா நின்னீங்க.”

அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினாள். அதைக் காணவில்லை. “நான் மூணு நிமிஷம் குடுத்தேன் மேடம்” என்றார். “அவனுக்குப் போய்ச் சேரலியே.”

ஸ்டெல்லா முதல் தடவையாக அருகில் வந்தாள். தாணுலிங்கத்தைப் பார்க்காமல் சுகிர்தாவிடம் கேட்டாள். “இவரு பிரேக்கத் திரும்பப் போட்டுட்டு, ஏணி ஏறி அவர்கிட்ட போய்ச் சேர இருபது நிமிஷம் ஆச்சுன்னாங்க. அதுவரை உயிரு இருந்துச்சாம். இருபது நிமிஷம் வலியோட ஒத்தையில கெடந்தாருன்னு நினைச்சு நினைச்சுத்தான் நான் செத்துக்கிட்டிருக்கேன். அங்க அவருக்கு எவ்வளவு நேரம்?”

சுகிர்தா உச்சித் துணியைப் பார்த்தாள். கணக்குச் சின்னதுதான். “அஞ்சு நிமிஷம் இருக்கும் அக்கா. கொஞ்சம் கூட இருக்கலாம்.”

“அஞ்சு நிமிஷமா?”

“அவ்வளவுதான்.”

தாணுலிங்கம் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கையால் வாயைப் பொத்தியிருந்தார். பீர் ஓடி வந்து தூக்கப் பார்க்க, அவர் கையைத் தட்டிவிட்டார்.

“ஒண்ணு நான் யார்ட்டயும் சொல்லல்ல ஸ்டெல்லா. உங்கிட்டயும் சொல்லல்ல. நான் போய் அவன் தலைய மடியில எடுத்தப்ப கண்ணத் தொறந்து பாத்தான். பாத்துட்டு, ‘அதுக்குள்ள வந்துட்டியாடே’ன்னான். இருபது நிமிஷம் கழிச்சுப் போனவன்ட்ட அப்படிக் கேட்டுட்டுக் கண்ண மூடிட்டான். சாகும்போதும் என்னக் குத்திக் காட்டிட்டுப் போனானேன்னு நான்...”

ஸ்டெல்லா குனிந்து, அந்த மண்ணிலேயே அவர் எதிரே உட்கார்ந்தாள். முக்காடு காற்றில் பறந்து போனது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

“அவரு யாரையும் குத்திப் பேச மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே?” என்றாள். “நீங்க சீக்கிரம் வந்துட்டீங்கன்னுதான் சொல்லியிருக்காரு.”